கையொப்பம் இடும் முன்: பறப்புத்தகுதி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பறப்புத்தகுதி அலுவலர்களுக்கு,

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து உங்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தணிக்கைக்கு வருகிற நாளில் டாஸ்க் கார்டுகளையும் பதிவேடுகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஹேங்கர் வாசலில் நிற்கிறவர்களில் நானும் ஒருவன். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின், நாங்கள் சொல்லிப் பழகியபடி டி.ஜி.சி.ஏ.வின், அலுவலர்களான உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தொடர் பறப்புத்தகுதி விதிகள் திருத்தப்படும்போதெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். இப்படிப்பட்ட வகுப்புகளுக்குத் தொழில்துறையினரையும் கூப்பிடுவது உண்டு, நானும் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் இரண்டு பத்திகள் ஓடும். இடப்பக்கம் பழைய விதி, வலப்பக்கம் புதிய விதி, மாறிய சொற்கள் சிவப்பில். சாயங்காலம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் சின்னத் தேர்வு, பிறகு சான்றிதழ். எந்த விதி எந்த எண்ணுக்கு இடம் மாறியது என்று தெரிந்துகொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவோம். மறுநாள் ஒரு ஹேங்கருக்குள் கால் வைக்கும்போது எதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் திரையில் வருவதே இல்லை. சொற்கள் மட்டும் மாறியிருந்தால் இது போதும். இம்முறை உங்கள் வேலையே மாறியிருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, பன்னாட்டுப் பயணம் செய்யும் ஒவ்வொரு விமானமும் தான் பதிவு செய்யப்பட்ட நாடு வழங்கிய அல்லது செல்லும் என ஏற்ற பறப்புத்தகுதிச் சான்றிதழோடு பறக்க வேண்டும் என்கிறது. அதன் 8ஆம் இணைப்பு அந்தத் தகுதியைக் கட்டிக்காக்கும் கடமையைப் பகிர்ந்து தருகிறது. வடிவமைப்பில் குறை தெரிந்தால் வடிவமைத்த நாடு உலகத்துக்குச் சொல்ல வேண்டும். பதிவு செய்த நாடு அதன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று விமானம் தகுதியோடு இருப்பதில் வியப்பில்லை. இருபது வருடம் கழித்து, மூன்று குத்தகை நிறுவனங்கள் கைமாறி, நாலைந்து நாடுகளில் பழுதுபார்க்கப்பட்டு, இன்று காலை ஆறு மணிக்குப் புறப்படும்போதும் அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தொடர் பறப்புத்தகுதி. அதில் பதிவு செய்த நாடு என்பது நடைமுறையில் நீங்கள்தான்.

நம் நாட்டு விதிகளான சி.ஏ.ஆர்.-எம், சி.ஏ.ஆர்.-145, சி.ஏ.ஆர்.-66 ஆகியவை ஐரோப்பிய விதிகளின் வடிவில் அமைந்தவை என்பதால் அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1321/2014 விதித் தொகுப்பு 2019இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. தொடர் பறப்புத்தகுதியை மேலாண்மை செய்யும் நிறுவனங்களுக்கு, அதாவது கேமோக்களுக்கு, தனிப் பகுதி ஒன்று பிறந்து 2020 மார்ச் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021இல் வந்த இன்னொரு திருத்தம் பராமரிப்பு நிறுவனங்களுக்கும் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பைக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பர் 2இல் அது நடப்புக்கு வந்தது. மாறிக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. இவற்றின் அடிப்படை, பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் நடைமுறைப்படுத்திய, பாதுகாப்பு மேலாண்மை பற்றிய 19ஆம் இணைப்பு.

பழைய முறையில் நீங்கள் கேட்டது, ‘இந்தக் கையேடு இருக்கிறதா, இந்தப் பயிற்சி நடந்ததா, இந்தக் கருவிக்கு அளவுச் சரிபார்ப்புத் தேதி தாண்டவில்லையே’ என்பது. இனிக் கேட்க வேண்டியது, ‘உங்கள் நிறுவனத்தில் எது தவறாகப் போகக்கூடும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரிந்து என்ன செய்தீர்கள்’ என்பது. முதல் கேள்விக்கு ஆமாம், இல்லை என்ற விடை போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை எடைபோட, கேட்பவருக்கு அந்தத் தொழிலின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எடைபோடலைச் சார்ந்தே இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி ஒரு நிறுவனத்தை முழுதாகத் தணிக்கை செய்து முடிக்கும் சுற்று 24 மாதம். நிறுவனம் தன் அபாயங்களைத் தானே நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று மேற்பார்வை அமைப்பு நம்பினால் அதை 36 மாதமாக்கலாம். இன்னும் சில நிபந்தனைகள் நிறைவேறினால் 48 மாதம் வரை போகலாம். நான்கு வருடம். உங்கள் ஒருவருடைய மதிப்பீட்டை நம்பி ஒரு நிறுவனத்தின் சில மூலைகளை நான்கு வருடம் யாரும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியும். அந்த மதிப்பீட்டைத் திரையைப் பார்த்துக் கற்க முடியும் என்று நான் நம்பவில்லை.

எனக்குத் தெரிந்தவரை இதை ஒரு விபத்தைப்போல வேறெதுவும் கற்பிக்காது. 2000 ஜனவரி 31. மெக்சிகோவின் புவெர்ட்டோ வல்லார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாகச் சியாட்டில் போக வேண்டிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, ஒரு எம்.டி.-83 விமானம். கலிபோர்னியாக் கரையோரம் அனகாப்பா தீவருகே கடலில் விழுந்தது. இருந்த 88 பேரும் மாண்டார்கள்.

அந்த விமானத்தின் வால் உச்சியில் கிடைமட்ட இறக்கை ஒன்று இருக்கிறது. அதன் முன்விளிம்பு ஏறி இறங்குவதால்தான் மூக்கின் நிலை சீராகிறது. ஏற்றி இறக்குவது ஒரு நீண்ட எஃகுத் திருகு. அதன்மேல் ஓடும் நட்டு அலுமினிய வெண்கலத்தில் ஆனது. தேய்மானம் நட்டிலேயே நடக்கட்டும் என்று வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது கிரீஸ். கடலடியிலிருந்து எடுத்த திருகில், நட்டு ஓடும் பகுதியில் வேலைக்கு ஆகும் கிரீஸே இல்லை. நட்டின் மரைகள் முழுக்கத் தேய்ந்து, பிய்ந்து, வெண்கலக் கம்பிபோலத் திருகைச் சுற்றிக் கிடந்தன. கிரீஸ் ஏற்றும் துளையின் உள்வழி காய்ந்துபோன எச்சத்தால் அடைபட்டிருந்தது.

இது ஒரு மெக்கானிக் கிரீஸ் போட மறந்த கதை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவர் பதிவேட்டைப் பார்க்காதவர். 1985இல் அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 700 பறப்பு மணிக்கு ஒருமுறை அந்தத் திருகுக்கு கிரீஸ் போட்டார்கள். அந்த இடைவெளி படிப்படியாக நீண்டது. 1996இல் மணிக்கணக்கே போய் 8 மாதத்துக்கு ஒருமுறை என்றானது. அந்த நிறுவனம் விமானத்தைப் பயன்படுத்திய அளவுக்கு அது ஏறத்தாழ 2,550 மணி. நட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கும் இடைவெளியும் அதேபோல நீண்டு 30 மாதமானது. அது 9,550 மணிக்குப் பக்கம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு காரணம் இருந்தது. பராமரிப்புத் திட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம், மற்ற வேலைகளோடு சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டது. குழம்பில் ஒவ்வொரு சிட்டிகையாக உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தச் சிட்டிகையில் கெட்டது என்று யாரும் கைகாட்ட முடியாது. ஒரு படியை மட்டும் பார்த்தால் எந்த அலுவலரும் கையொப்பம் போட்டிருப்பார். முழு வரிசையையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

1997 செப்டம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது. தேய்மானம் 0.040 அங்குலம் என்று அளந்தார்கள். அதுவே அனுமதிக்கப்பட்ட எல்லை. நட்டை மாற்ற வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். பின்னர் மறுபடி அளந்தபோது 0.033 வந்தது. பழைய நட்டோடு விமானம் வெளியே போனது. 30 மாதக் கணக்கில் அடுத்த அளவீடு 2000 மார்ச்சில் வந்திருக்கும்.

கடைசியாக கிரீஸ் போட்ட மெக்கானிக், அந்த வேலைக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும் என்று விசாரணையில் சொன்னார். வால் உச்சிக்கு ஏறி, மூடிகளைக் கழற்றி, துளை வழியாகப் புதிய கிரீஸை ஏற்றி, பிறகு திருகின் முழு நீளத்துக்கும் தடவி, மேலும் கீழும் ஓட்டிக் காட்ட வேண்டிய வேலை அது. அந்தத் திறப்பு கையை நுழைத்து ஒழுங்காக வேலை செய்யும் அளவுக்கு இல்லை, பெரிதாக்குங்கள் என்று விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் பரிந்துரைத்தது. டாஸ்க் கார்டைப் படித்தால் இது தெரியாது. அந்தத் திறப்பில் ஒருமுறை கையை விட்டுப் பார்த்தவருக்கே தெரியும். அந்த வாரியம் விபத்தின் காரணங்களை எழுதியபோது நிறுவனம் நீட்டிய இடைவெளிகளோடு நிறுத்தவில்லை. அந்த நீட்டிப்புகளுக்கு எஃப்.ஏ.ஏ. அளித்த ஒப்புதலையும் சேர்த்து எழுதியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் நம் நாட்டிலும் இதே வகைக் கோப்புகள் உங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே பராமரிப்புத் திட்டத் திருத்தங்களுக்கு ஒப்புதல் தருவது எப்படி என்று பாடம் நடத்தும்போது, விதி எண்ணைச் சொல்வதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். இடைவெளி நீட்டிக்கக் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தால், அதே வேலையின் இடைவெளி கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் எப்படி நகர்ந்து வந்திருக்கிறது என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். அந்த வேலையில் இதுவரை கண்ட குறைகள் எவை, எதுவும் காணவில்லை என்றால் உண்மையிலேயே பார்த்தார்களா, பார்த்தவர் யார் என்று கேளுங்கள். பிறகு அந்த வேலை நடக்கும் இரவில் போய் நில்லுங்கள். இதற்கு எந்தப் புதிய அதிகாரமும் தேவையில்லை. கேட்கும் உரிமை இப்போதே உங்களிடம் இருக்கிறது.

இன்னொரு விபத்தையும் சொல்லியாக வேண்டும், கடலோர நகரத்தில் வாழ்கிறவன் என்பதால். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் 243, ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போய்க்கொண்டிருந்த போயிங் 737, 24,000 அடியில் முன்பகுதிக் கூரையை இழந்தது. ஒரு பணிப்பெண் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். விமானம் எப்படியோ தரையிறங்கியது. அந்த விமானம் அதுவரை 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணம், ஒவ்வொரு முறையும் உடல் காற்றழுத்தத்தில் விரிந்து சுருங்கும், சுற்றிலும் உப்புக் காற்று. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் ஒட்டுப் பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து அரித்து, ரிவெட் துளைகளிலிருந்து நுண்விரிசல்கள் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

போயிங் அதற்கு முந்தைய ஆண்டே அந்த இணைப்புகள் அனைத்தையும் சோதிக்கச் சொல்லி எச்சரிக்கை அனுப்பியிருந்தது. எஃப்.ஏ.ஏ. அதைக் கட்டாய ஆணையாக மாற்றியபோது மேற்பக்கத்தின் இரண்டு இணைப்பு வரிசைகளோடு நிறுத்திக்கொண்டது. விசாரணை வாரியம் அதையும் சொன்னது. நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டத்தை எஃப்.ஏ.ஏ. சரியாக மதிப்பிடவில்லை என்பதையும் சொன்னது. அங்கே பொறுப்பில் இருந்த ஆய்வாளரின் தலைமேல் வேறு பல நிறுவனங்களின் மேற்பார்வையும் இருந்தது.

சென்னை விமான நிலையம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். மும்பை, திருவனந்தபுரம், விசாகப்பட்டினம் எல்லாம் அப்படித்தான். பழைய விமானத்தில் விமானச் சமையலறையின் தரையை, கழிவறைக் கதவருகே இருக்கும் தரைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பச்சை பிரைமர் உப்பி, அதன் அடியில் வெள்ளைப் பொடியாகக் கிளம்பும் அரிப்பு எப்படி இருக்கும் என்று. காபியும் ஈரமும் கசிந்து போகிற இடம் அது. ‘அரிப்பு காணப்பட்டது, சுத்தம் செய்யப்பட்டது, எல்லைக்குள் உள்ளது’ என்று ஒரே வரி எழுதி மூடிவிடலாம். அதே விட்டத்தில் அதே வரி மூன்று சி-செக்குகளில் தொடர்ந்து வந்திருக்கிறதா என்று நீங்கள் தேடிப் பார்த்தால் மட்டுமே அந்த வரிக்கு அர்த்தம் கிடைக்கும். ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் உலோகம் கொஞ்சம் குறைகிறது, பாருங்கள். எந்தப் பயிற்சியும் ஒரு நாளாவது பலகை பெயர்த்த விமானத்துக்குள் உங்களை இறக்காமல் முடியக்கூடாது.

கட்டாயம் எது, ஆலோசனை எது என்ற விவகாரத்துக்கு வருகிறேன். 2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் நடந்த விமான விபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. அதன் காரணத்தைப் பற்றி விசாரணை முடியும் முன் ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை, நான் சொல்லவும் மாட்டேன். முதற்கட்ட அறிக்கையில் இருந்த ஒரு தகவலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எரிபொருள் ஸ்விட்சுகளின் பூட்டும் அமைப்பைப் பரிசோதிக்கச் சொல்லி எஃப்.ஏ.ஏ. 2018 டிசம்பரில் ஒரு தகவல் அறிவிக்கை வெளியிட்டது. அது ஆலோசனை, கட்டாயமில்லை என்பதால் அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்று அந்த விமான நிறுவனம் தெரிவித்தது. அதைப் பாதுகாப்பற்ற நிலையாகத் தாங்கள் கருதவில்லை என்று எஃப்.ஏ.ஏ.வும் பின்னர் சொன்னது. நம் இயக்குநரகம் 2025 ஜூலை 21க்குள் அந்த ஸ்விட்சுகளைப் பரிசோதித்து முடிக்கும்படி ஆணையிட்டது.

இங்கே யாரையும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் தொடர் பறப்புத்தகுதி விதியில் ஏற்கெனவே ஒரு வாசகம் இருக்கிறது: கட்டாயமல்லாத மாற்றங்களையும் பரிசோதனைகளையும் ஏற்பதா வேண்டாமா என்பதற்குப் பெரிய விமானங்களை வைத்திருப்பவர்கள் ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும். கொள்கை எல்லோரிடமும் இருக்கும். கையேட்டில் அரைப் பக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் நடந்த வேலையை. அந்த ஆண்டு வந்த ஆலோசனைக் கடிதங்களில் நாலைந்தை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, ‘இதை யார் படித்தார், எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதி வேண்டாமென்றார்’ என்று கேளுங்கள். காரணம் பொறியியல் காரணமாக இருந்தால் நல்லது. ‘கட்டாயமில்லை’ என்பது ஒரு காரணமே இல்லை.

கட்டாயப்படுத்தும் துணிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 2019 நவம்பரில், ஏ320 நியோ விமானங்களின் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில் டர்பைன் கோளாறு திரும்பத் திரும்ப வந்தபோது, மாற்றியமைத்த எஞ்சின்களைக் குறித்த நாளுக்குள் பொருத்தியே ஆக வேண்டும் என்று நம் இயக்குநரகம் இண்டிகோவுக்கு உத்தரவிட்டது. பிறகு கெடு நீட்டிக்கப்பட்டது வேறு விஷயம். தரவைப் படித்து, தாமே ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சொன்ன அலுவலர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைப் பயிற்சியில் பாடமாக வைக்கலாமே.

தாளையும் பொருளையும் சேர்த்துப் பார்க்கிற கண்ணுக்கு 2023இல் லிஸ்பனில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. போர்த்துகலின் டாப் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் ஒரு எஞ்சினுக்கு வந்த சின்ன டாம்பர் பாகத்தைப் பார்த்த பொறியாளர்களுக்குச் சந்தேகம். சான்றிதழ் புதியது என்கிறது. பாகத்தில் தேய்மானம் தெரிகிறது. தயாரிப்பாளரிடம் விசாரித்தபோது சான்றிதழே போலி. லண்டனில் இருந்த ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற விற்பனையாளர் பொய்த் தாள்களோடு பல நாட்டு நிறுவனங்களுக்கு எஞ்சின் பாகங்களை விற்றது அதன் பிறகே வெளிவந்தது. அத்தனை நிறுவனங்களின் வரவுப் பரிசோதனையும், அத்தனை நாடுகளின் தணிக்கையும் அந்தத் தாள்களைத் தாண்டிப் போகவிட்டிருந்தன. ஸ்டோர்ஸைத் தணிக்கை செய்யும்போது கோப்பில் இருக்கும் படிவத்தைச் சரிபார்ப்பதோடு அலமாரியில் இருக்கும் பாகத்தையும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள் என்று இதற்காகத்தான் கெஞ்சுகிறேன்.

புதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிக எளிதாகக் கெட்டுப்போகக்கூடியதும் ஒன்றுதான்: உள்ளகத் தகவல் அளிப்பு. தவறு செய்தவர், தவறு நடக்கப் போவதைப் பார்த்தவர், தானாக வந்து சொல்ல வேண்டும். சொன்னவரைக் காப்பாற்ற வேண்டும். வேண்டுமென்றே செய்த குற்றமும் கொடிய அலட்சியமும் மட்டும் இதற்கு வெளியே. நிறுவனங்கள் இதற்கு அழகான படிவம் தயாரித்துவிடும், செயலியும் வைத்துவிடும். அபாயப் பட்டியலில் முப்பது நாற்பது வரிகள் இருக்கும்: வழுக்கும் தரை, காதடைப்பான் அணியாமை, ஹேங்கரில் பறவைக் கூடு. எல்லாம் மஞ்சள், பச்சை வண்ணத்தில் தீர்க்கப்பட்டிருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு ஒரே லைசென்ஸ் பொறியாளர் நாலு விமானங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறார் என்பது அதில் இருக்காது. வாடகைக்கு எடுத்த போர்ஸ்கோப் கருவியைப் பாதி ராத்திரியில் திருப்பித் தர வேண்டியிருந்ததால் எஞ்சின் பரிசோதனை அவசரமாக முடிந்தது இருக்காது. ஹேங்கரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த அபாயம் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அந்தப் பட்டியல் உங்களுக்காக எழுதப்பட்டது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தர மேலாளர் கூடவே வந்து சுற்றிக் காட்டும் பகல் நேரத் தணிக்கையை ஒருபுறம் வையுங்கள். இரவு ஷிப்டில் தேநீர் வேளையில் போய், பாகங்களைக் கழற்றிக்கொண்டிருக்கும் இளைஞரிடம், ‘தம்பி, இங்கே வேலை செய்யும்போது எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்’ என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வாரா என்பதிலேயே அந்த நிறுவனத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி உங்களைப் பொறுத்தது. அவர் சொன்னது மறுவாரம் ஒருவரின் லைசென்ஸை நிறுத்தி வைக்கும் கடிதமாகத் திரும்பி வந்தால், அந்த ஹேங்கரில் இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாதுகாப்பு மேலாண்மை அமைப்பை நிறுவனங்களிடம் எதிர்பார்க்கும் எந்த ஒழுங்குமுறை அமைப்பும், தண்டனைக்கும் கற்றலுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று முதலில் தன் அலுவலர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. இதற்கு மட்டும் இரண்டு நாள் வேண்டும். உண்மைச் சம்பவங்களைப் பெயர் நீக்கி மேசையில் வைத்து, இங்கே என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் வாதாட வைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்கிறாயே, ஆள் எங்கே என்று நீங்கள் திருப்பிக் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. உங்கள் இயக்குநரகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாகக் கிடப்பதை 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதாமல் போனால் என்ன ஆகும் என்று நாம் ஒருமுறை பார்த்தும் விட்டோம். 2014 ஜனவரியில் எஃப்.ஏ.ஏ. தன் பாதுகாப்பு மதிப்பீட்டில் இந்தியாவை இரண்டாம் வகைக்குத் தள்ளியது. நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை எதையும் தொடங்க முடியாமல் 2015 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பிறகு நிறைய மாறியிருக்கிறது. பன்னாட்டு அமைப்பின் தணிக்கையில் நம் மதிப்பெண் 69.95இலிருந்து 2022இல் 85.49 விழுக்காடாக உயர்ந்தது. அந்த உயர்வுக்கு உழைத்தவர்களில் உங்களில் பலர் உண்டு; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் நம்மிடம் சட்டம், நடைமுறை, அமைப்பு இருப்பதைக் காட்டுகிறது. நாட்டில் விமானங்கள் பெருகும் வேகத்துக்கு ஒரு அலுவலர் எத்தனை விமானங்களை, எத்தனை நிறுவனங்களைச் சுமக்கிறார் என்பதை அது காட்டாது. அலோஹாவுக்குப் பொறுப்பாக இருந்த அந்த ஆய்வாளரின் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. ஆள் பற்றாக்குறையை அமைச்சகத்திடம் எடுத்துச் சொல்லும்போது, பறப்புத்தகுதிப் பிரிவில் இந்த வேலைகள் இத்தனை பேர் இல்லாததால் நடக்கவில்லை என்று வேலையின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பொறியாளர்களாகிய நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

பயிற்சியில் உட்காரும்போது சில கோரிக்கைகளை நீங்களே வைக்கலாம். நிறுவனங்களின் கேமோ பொறியாளர்களையும் லைசென்ஸ் பொறியாளர்களையும் ஒரு பகுதிக்காவது உங்களோடு ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். புதிய விதியை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தணிக்கை நாளில் தெரியவருவதைவிட அன்றைக்கே தெரிவது எல்லோருக்கும் நல்லது. ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள், ஷீட் மெட்டல் கைவினைஞர்கள், ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

கடைசித் தேர்வையும் மாற்றச் சொல்லுங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாளுக்குப் பதிலாக, உண்மையான ஒரு விமானத்தின் பத்து ஆண்டுப் பதிவுகளைப் பெயரையும் பதிவெண்ணையும் அழித்துவிட்டுக் கொடுக்கட்டும்: டெக் லாக், தள்ளிவைத்த குறைகள், இடைவெளி நீட்டிப்புகள், கட்டாய ஆணைகளின் நிலைப் பட்டியல், பழுதுபார்ப்பு வரைபடங்கள். மூன்று நாள் அவகாசம். விதிப் புத்தகம் திறந்தே இருக்கட்டும். இந்த விமானத்தில் உங்களைக் கவலைப்படுத்துவது என்ன, பராமரிப்பவரிடம் முதலில் கேட்கும் கேள்வி என்ன, இதற்குப் பறப்புத்தகுதி மறுஆய்வுச் சான்றிதழைப் புதுப்பிப்பீர்களா என்று இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லட்டும். திருத்துவதற்கு உங்கள் மூத்த அலுவலர் ஒருவரும் ஹேங்கரிலிருந்து ஒருவரும் சேர்ந்து உட்காரட்டும். அதற்கு ஏற்ற பதிவுகளைத் தேர்ந்து அடுக்கித் தர ஆள் வேண்டுமென்றால், மீனம்பாக்கத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
சென்னை